ஐந்துக்கு ஐந்து வாங்கிய உடம்பு

ரூபாவுக்குப் பிரசவமான பிறகு அவள் மாமியார் பூவாத்தாள் வயிற்றில் கட்டிவிட்ட துணியின் நீளம் பதினெட்டு முழம். மூன்று வேட்டிகளை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தது. மைசூர் மண்டி மொஹல்லாவில் அவர்கள் குடியிருந்த வீட்டின் நீளமோ பதினொரு முழம்தான். ஆகவே விடிந்தும் விடியாததுமாக, துணியின் ஒரு முனையை எதிரே இருந்த சாக்குக் கடையின் ஷட்டர் கொக்கியில் முடிந்துவிட்டு, மறுமுனையை ரூபாவின் இடுப்பில் வைத்து, அவளைச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டுத் தெருவைக் கடத்திக் கொண்டுபோய்க் கொக்கியருகே நிறுத்துவார்கள். பால் வண்டிக்காரன் துணிக்கு அந்தப் பக்கம் மணியடித்துக்கொண்டு காத்திருப்பான். கட்டி முடித்ததும் ரூபா இரண்டு அங்குலம் உயர்ந்திருப்பாள். அவிழ்த்தால் பழையபடி இறங்கிவிடுவாள். அவள் கணவன் பிரசாந்த், சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன், கணக்கில் கெட்டிக்காரன், சுவரில் பென்சில் கோடு போட்டே பார்த்துவிட்டான்.

பத்தியமும் அப்படித்தான். ரூபாவுக்குத் தாய் இல்லை. கல்யாணத்துக்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் தலைப்பிரசவம் மாமியார் கையில் வந்தது. ‘தாயில்லாப் பிள்ளையை அரைகுறையாகப் பார்த்தாள்’ என்று சொந்த ஊரான கோபிநத்தத்துச் சொந்தபந்தம் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதென்று பூவாத்தாள் தினமும் ஒரு படி பூண்டு உரித்தாள். பத்தாம் நாளில் அந்தச் சந்துக்குள் கொசு வருவது நின்றது. அவ்வளவு கொசுவும் பக்கத்துச் சந்துக்குப் போய்விட்டதென்று அங்கிருந்து நான்கு பேர் சண்டைக்கு வந்தார்கள். பூவாத்தாள் அவர்களுக்கும் கொஞ்சம் பூண்டு கொடுத்தனுப்பினாள்.

தண்ணீர் மட்டும் கிடையாது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு வைத்துவிடுமாம். நாளைக்கு மூன்று டம்ளர், அதுவும் சீரகம் போட்டுக் காய்ச்சி, மருந்து ஊற்றுவதுபோல் ஊற்றினாள்.

இத்தனை கட்டும் காவலும் இருந்தும் ஓரிடம் மட்டும் கட்டுப்படவில்லை.

குழந்தையைத் தூக்கினால் ரூபாவுக்குச் சிறுநீர் கசிந்தது. தும்மினால் கசிந்தது. மாடிப்படி ஏறும்போது மூன்றாம் படியில் கசிந்தது, அது எப்படியோ மூன்றாம் படி என்று எண்ணித் தெரிந்துகொண்டதுபோல. உள்ளே பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு, ஒரு நாளில் நான்கு முறை யாரும் அறியாமல் மாற்றினாள். குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைத்ததால் கொடியில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ‘உன்ற மகன் நாளைக்கு நாப்பது தடவ நனைக்கறானே’ என்று பக்கத்து வீட்டுக்காரி வியந்தாள். ஐந்து மாதக் குழந்தை தன் தாயின் பழியையும் சேர்த்துச் சுமந்தது.

ஹெப்பாள் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் ரூபா சட்டைக் காலர் தைக்கிறவள். ஆறு மாத விடுப்பு முடிய இன்னும் நான்கு வாரம். அங்கே நாற்பது பேர் கொண்ட ஒரு வரிசைக்குக் கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு டோக்கன். காலையில் கிளம்பும் அந்த மரத் துண்டு வரிசை முழுக்கச் சுற்றி ரூபாவின் மிஷினுக்கு வந்து சேர்வதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு வகுப்பு ஏறிவிடும். இந்த உடம்போடு அங்கே போய் உட்கார முடியாது. இது நிற்க வேண்டும். அந்த வருஷத்தில் ரூபாவுக்கு வேறு ஆசையே இல்லை.

அப்போதுதான் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா ஊழியர் வந்து சொன்னார். அக்ரஹாரத்தில் ஒரு டிரஸ்டில், பிள்ளை பெற்றவர்களுக்கு உடம்பைத் திரும்பத் தேற்றிக்கொடுக்கிறார்கள். பிசியோதெரபி. மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு நாள். முதலில் ஒரு டெஸ்ட் வைத்து ஆள் எடுப்பார்கள். பன்னிரண்டு இடம்தான். வரும்போது நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் வரவேண்டும்.

ஆஷா ஊழியர் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு வீட்டில் ஆலோசனை நடந்தது.

“பன்னெண்டு எடம். டெஸ்டு,” என்றாள் பூவாத்தாள். “அப்பறம் எதுக்கு அம்மிணி தண்ணி குடிச்சுட்டு வரச் சொல்றாங்க?”

“நெறைய பேரக் கழிச்சு உடறதுக்கும்மா,” என்றான் பிரசாந்த். “போலீசுக்கு ஆள் எடுக்கறப்ப வெயில்ல ஓட உடறாங்கல்ல? அந்த மாதிரி.”

இதில் சந்தேகப்பட அந்த வீட்டில் யாருக்கும் காரணம் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உதவித்தொகை நன்றாகப் படித்தவளுக்குக் கிடைத்தது. கார்மெண்ட்ஸில் வேலை கை வேகமானவளுக்குக் கிடைத்தது. பெண் பார்க்க வந்தபோது நடக்கச் சொன்னார்கள், பேசச் சொன்னார்கள், குறை இல்லாதவளைக் கட்டிக்கொண்டு போனார்கள். இடம் குறைவாகவும் ஆள் அதிகமாகவும் உள்ள எந்த வாசலிலும் குறையுள்ளவளை முதலில் உள்ளே விட்டதாக அவர்கள் பரம்பரையில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

ரூபாவும் அப்படித்தான் நினைத்தாள். கார்மெண்ட்ஸில் சேர்ந்த அன்று, ‘ஓவர்லாக் மிஷின் தெரியுமா’ என்று கேட்டார்கள். அதற்குமுன் அவள் அதைக் கண்ணால் கண்டதில்லை. தெரியும் என்றாள். உள்ளே போய் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். இதுவும் அதுபோலத்தான். முதலில் உள்ளே நுழைந்துவிட வேண்டும். பிறகு அந்த மேடத்திடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தண்ணீரை நிறுத்தினாள். பூவாத்தாள் கொடுத்த மூன்று டம்ளரையும் துளசிச் செடிக்கு ஊற்றினாள். எச்சிலைக்கூட எண்ணி விழுங்கினாள். இரண்டாம் நாள் குழந்தை மார்பில் வாய்வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, ஏமாந்த கடன்காரனைப்போல அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, பிறகு கத்தத் தொடங்கியது. பிரசாந்த் ஓடிப்போய்ப் பால்மாவு டப்பா வாங்கி வந்தான்.

“ஒரு ரெண்டு நாளுக்குத்தானுங்க,” என்றாள் ரூபா. உதடு ஒட்டிக்கொண்டு ஒட்டிக்கொண்டு பிரிந்தது.

டெஸ்ட் அன்று காலை துணியை இரண்டு சுற்று அதிகமாகக் கட்டினார்கள். சாக்குக் கடை ஷட்டர் கொஞ்சம் வளைந்தது. அது இன்றைக்கும் சரியாக மூடுவதில்லை.

டிரஸ்டில் முப்பத்தொரு பெண்கள் வந்திருந்தார்கள். ரூபாவுக்கு முன்னால் மாடி வீட்டு வைஷாலி. அவள் கணவன் ரவிக்குமார் ஹோட்டல் சமையற்கட்டில் வேலை. பத்தியம் பார்க்க ஆள் இல்லாமல், பெற்ற மூன்றாம் நாள் பரோட்டா தின்றவள். துணி கட்டாதவள். தாகமெடுத்தபோதெல்லாம் தண்ணீர் குடித்தவள். இன்றும் சொன்ன பேச்சு தவறாமல் ஒரு பாட்டில் குடித்துவிட்டு, கால்மேல் கால் போட்டு நெளிந்துகொண்டிருந்தாள்.

“ஐயோ அக்கா, எனக்கு இப்பவே வர்ற மாதிரி இருக்கு,” என்று சிரித்தாள்.

உள்ளே போன வைஷாலி இருமச் சொன்னதும் இருமினாள். வெளியே வந்தபோது அவள் சுடிதாரின் பின்பக்கம் நனைந்திருந்தது. அவள் பாதி சிரித்துக்கொண்டும் பாதி அழுதுகொண்டும் இருந்தாள். பெஞ்சில் இருந்த மாமியார்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பத்தியம் பாக்காத ஒடம்பு,” என்றாள் பூவாத்தாள். அதில் வருத்தம் இருந்தது, வருத்தத்துக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் பெயர் மானஸா. மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். ரூபாவைத் தமிழில் உட்காரச் சொன்னாள், பூவாத்தாளைத் தமிழிலேயே வெளியே நிற்கச் சொன்னாள். பூவாத்தாள் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். திரை தரைக்கு அரை முழம் மேலே நின்றுவிட்டதால் அவளுடைய இரண்டு பாதங்களும் உள்ளேயே இருந்தன.

துணியை அவிழ்க்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. மானஸா சுருட்டிக்கொண்டே போனாள், அது வந்துகொண்டே இருந்தது. பாதியில் கை மாற்றிக்கொண்டாள்.

“இதை எத்தனை மாசமா கட்டிண்டிருக்கேள்?”

“அஞ்சு மாசமுங்.”

“இவ்ளோ இறுக்கினா வயித்துக்குள்ள இருக்கிற பாரமெல்லாம் கீழதான் எறங்கும். தெரியுமோ?”

திரைக்கு அடியில் வலது பாதத்தின் கட்டைவிரல் நிமிர்ந்தது. ரூபா அதையே பார்த்தாள்.

படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொல்லித் தொப்புளுக்கு மேலே விரல் வைத்து, வயிற்றுத் தசை எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தாள் மானஸா. இரண்டு விரல். பரவாயில்லை என்றாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். சொன்னால் பொழுது சாயும்வரைகூட நிற்பாள்போல் ரூபா நின்றாள். குதிக்கச் சொன்னாள். குதித்தாள். இருமச் சொன்னாள். இரண்டு நாள் காய்ந்த தொண்டையிலிருந்து, வெறும் சட்டியைக் கரண்டியால் சுரண்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது. விரிப்பு உலர்ந்தே இருந்தது. வர எதுவும் இல்லை. டிரஸ்டிலிருந்த அத்தனை பேரும் சேர்ந்து பிழிந்திருந்தாலும் அந்த உடம்பிலிருந்து ஒரு சொட்டு வந்திருக்காது.

“உள்பக்கமா ஒரு தடவை கை வெச்சுப் பாக்கட்டுமா? தசைக்கு எவ்வளவு பிடி இருக்குன்னு அப்பத்தான் சரியாத் தெரியும். உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும்.”

“வேண்டாமுங் மேடம்.”

மானஸா வற்புறுத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“கடைசிக் கேள்வி. இருமினா, சிரிச்சா, எதையாவது தூக்கினா சொட்டுச் சொட்டாப் போறதா? நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

ரூபாவின் வாய் திறந்தது. கட்டைவிரல் நிமிர்ந்தது.

“இல்லீங் மேடம்.”

“எப்பவாவது? ஒரு சொட்டுகூட?”

“இல்லீங்.”

“ரொம்ப சந்தோஷம்,” என்றாள் மானஸா. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். காலையிலிருந்து இப்படி ஒருத்தியை அவள் பார்க்கவில்லை. “அப்ப உங்களுக்கு ட்ரீட்மெண்ட் தேவையில்லை. இந்த எடத்தை, நிஜமாக் கஷ்டப்படற யாருக்காவது குடுத்துடலாம்.”

ரூபாவுக்குக் கொஞ்ச நேரம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியபோது திரை விலகிவிட்டது. பூவாத்தாள் உள்ளே வந்து, இரண்டு கையாலும் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் நெட்டி முறித்தாள். பத்து விரலும் பட்டாசு மாதிரி வெடித்தன. மானஸா அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். சொல்ல வேண்டியது ரூபாவின் தொண்டைவரை வந்தது. தொண்டை காய்ந்திருந்தது.

கவுண்டரில் இருந்த உமேஷ் தாளை வாங்கிப் பார்த்து முத்திரை குத்தினான். அஞ்சு சோதனை, அஞ்சிலும் டிக். “ஐதக்கெ ஐது!” என்றான் கன்னடத்தில். “அஞ்சுக்கு அஞ்சு! பாஸ் ரீ, பாஸ்!”

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நாளிலிருந்து அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு கணம், வெட்கக்கேடு, ரூபாவுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அன்று மாலைக்குள் சந்து முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் அது, மைசூரிலேயே இப்படி ஓர் உடம்பைப் பார்த்ததில்லை என்று மேடம் சொன்னதாக வளர்ந்தது. மூன்றாம் நாள் மேடம் எழுந்து நின்று பூவாத்தாளிடம் பத்தியம் கேட்டு எழுதிக்கொண்டாள். வார இறுதியில், படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ரூபாவைப் பெங்களூருக்குக் காரில் அழைத்துப்போவதாக இருந்தது, குழந்தையை நினைத்துப் பூவாத்தாள்தான் வேண்டாம் என்றுவிட்டாள். திங்கட்கிழமை, கெம்பையன் என்று ஒருவர் மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறதென்று நஞ்சன்கூட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, பதினெட்டு முழத் துணியை அளந்து பார்த்துக்கொண்டு போனார்.

வைஷாலிக்கு இடம் கிடைத்தது. பெயிலானவள் என்று சந்து அவளுக்காக வருத்தப்பட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் அவள் அக்ரஹாரத்துக்குக் கிளம்பும்போது, “பாவம், இன்னும் போயிட்டிருக்குது” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ரூபா வேலைக்குத் திரும்பினாள். தரையில் விழும் வெட்டுத்துணிகளில் பருத்தியாகப் பொறுக்கி மடித்து வைத்துக்கொண்டாள். சட்டைக்கு வந்த துணியில் பாதி சட்டைக்குப் போயிற்று, பாதி ரூபாவுக்குப் போயிற்று. பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில் தும்மாமல் இருக்க முடியாது. தும்மல் வரும்போது மேல்வாயை நாக்கால் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப உட்கார்ந்திருப்பாள். பக்கத்து மிஷின்காரி, யாரோ செத்துவிட்டார்கள் போல என்று, முதல் வாரம் ஆறுதல் சொன்னாள், இரண்டாம் வாரம் மிஷினைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டாள். வாசனை வருகிறதாம்.

மூன்று மாதம் முடிந்த வாரம், வைஷாலி பஸ்ஸுக்கு ஓடுவதை ரூபா பார்த்தாள். கையில் பை, இடுப்பில் பிள்ளை, தாவி ஏறிவிட்டாள்.

சாயங்காலம் ரூபா மாடிக்குப் போனாள். மூன்றாம் படியில் நின்று, பிறகு ஏறினாள்.

“அங்க என்னதான் பண்றாங்க வைஷாலி?”

“ஒண்ணுமே இல்லக்கா. மூத்திரத்தப் பாதில அடக்கறாப்புல கீழ இறுக்கணும். பத்து எண்ணணும். விடணும். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஆனா நான் மொத மூணு வாரம் தப்பாவே பண்ணியிருக்கேன். மூச்ச அடக்கிக்கிட்டு கீழ முக்கிட்டே இருந்தேன். மேடம் கை வெச்சுப் பாத்துத்தான் கண்டுபிடிச்சாங்க. அப்படியே விட்டிருந்தா இன்னும் மோசமாயிருக்குமாம்.” வைஷாலி அவளை உற்றுப் பார்த்தாள். “ஏன்க்கா? உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லியே?”

“சும்மா கேட்டேன்,” என்றாள் ரூபா.

காலர் தைத்துக்கொண்டே பத்து பத்தாக எண்ணினாள். தினமும் முந்நூறு. இறுக்குகிறாளா முக்குகிறாளா என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு மாதத்தில் நாளைக்கு நான்கு துணி ஏழாயிற்று. சிறுநீரோடு கூட, எதுவோ கீழே இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு கனமும் சேர்ந்துகொண்டது.

ஒரு வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல், அக்ரஹாரத்துக்குப் போனாள். அன்று அடுத்த அணிக்கு டெஸ்ட். பெஞ்சு நிறைந்திருந்தது. கவுண்டரில் அதே உமேஷ். அவள் பெயரைக் கணினியில் தட்டியதும் முகம் மலர்ந்தான்.

“ஓ, ஐதக்கெ ஐது! எப்படி இருக்கீங்க?”

“மேடத்தப் பாக்கோணுமுங்.”

“மானஸா மேடம் ஹாசனுக்குப் போயாச்சு. இப்ப வேற மேடம். எண்ட்ரி இருந்தாத்தான் உள்ள விட முடியும்.”

“எண்ட்ரி போடுங்கண்ணா.”

உமேஷ் போட்டுப் பார்த்தான். கணினி ஒரு சத்தம் எழுப்பியது. திரையை அவள் பக்கம் திருப்பினான். “பாருங்க, பச்சைக் கோடு. ஒரு டெலிவரிக்கு ஒரு தடவைதான். உங்க டெலிவரி க்ளோஸ் ஆயிடுச்சு ரீ.”

“நான் அன்னிக்குப் பொய் சொன்னனுங்கண்ணா. அதை மாத்தி எழுதிக்கங்க.”

“மாத்தறதுக்கு இதுல எடமில்லியே.” அவன் உண்மையாகவே தேடினான். நல்ல மனிதன். மேலும் கீழுமாக உருட்டிப் பார்த்தான். “ஒண்ணு பண்ணலாம். அடுத்த டெலிவரி ஆனதும் வாங்க. ஹொசதா, புது எண்ட்ரியாப் போட்டுடலாம். மொதல் டோக்கன் நானே தர்றேன்.”

ரூபா கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது மாதமாக ஒருவரிடமும் சொல்லாததை அவள் சொன்னபோது, அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. அவ்வளவு உரக்க வந்தது.

“எனக்கு நிக்கறதில்லீங்! இருமுனாப் போவுது. தும்முனாப் போவுது. என்ற பையனத் தூக்குனாப் போவுது. இப்ப உங்க முன்னாடி நின்னுட்டிருக்கறப்பவே போயிட்டிருக்குது. இதை எழுதுங்க!”

உமேஷின் காதுகள் சிவந்தன. அவன் கணினியைப் பார்த்து, மேஜையைப் பார்த்து, கடைசியில் ஸ்டாம்ப் பேடின் மூடியைத் திறந்து மூடினான்.

“க்ளோஸ் ஆன எண்ட்ரில எழுத முடியாது ரீ,” என்றான் மெதுவாக.

ரூபா திரும்பினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது பெண்கள், இருபது பேருக்கும் பக்கத்தில் ஒரு தாயோ மாமியாரோ. பெண்கள் அத்தனை பேரும் தூண்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். குனிய முடியாதவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். உதடுகள் வெடித்து, ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தன. நஞ்சன்கூட்டிலிருந்து பதினெட்டு முழத் துணியின் அளவு பரவியிருக்க வேண்டும்.

முதலில் இருந்த பெண்ணிடம் போனாள். சின்னப் பெண், இருபது வயதுகூட இருக்காது.

“தண்ணி குடிச்சியா கண்ணு?”

அந்தப் பெண் பக்கத்தில் இருந்த மாமியாரைப் பார்த்தாள்.

“தண்ணி குடி. உள்ள போயி உனக்கு இருக்கறதச் சொல்லு. ஒண்ணும் இல்லாதவங்களுக்கு எடமில்ல இங்க. இருக்கறவங்களுக்குத்தான். தப்பாப் புரிஞ்சுக்காதீங்க, அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க...”

“நீ யாரு அம்மிணி?” என்று கேட்டாள் அந்த மாமியார்.

ரூபா பதில் சொல்லுமுன், நிலைமையைச் சரிசெய்கிறவனாக உமேஷ் கவுண்டரிலிருந்தே குரல் கொடுத்தான். “அவங்க போன பேட்ச்சும்மா. அஞ்சுக்கு அஞ்சு வாங்குனவங்க.”

அந்தம்மாள் ரூபாவை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மருமகளின் பக்கம் திரும்பி, முந்தானைக்குள் கைவிட்டு, கட்டின் முடிச்சை இழுத்து இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

“நீ பாஸாயிட்டவ,” என்றாள். “சொல்ல மாட்டியா பின்னே.”

உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். சின்னப் பெண் உதட்டை நாக்கால் நனைத்துப் பார்த்தாள், நனையவில்லை, எழுந்து திரைக்குள் போனாள்.